யாருக்கு எது தேவை?
(தொழில்வழி உறவுகள் - 14)

அருப்புக்கோட்டையில் விருதுநகர் பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் பாலவனத்தம் வந்துவிடும். கரிசல் காடு. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றினால் கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாவிட்டால் அந்த வருஷம் வீட்டில் நெல் இருக்காது. தரிசாகக் கிடக்கும் இடமெல்லாம் சீமைக்கருவேலம். இப்படி ஒரு மானாவாரிச் சீமையின் பெயர், நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் புத்தகங்களின் முகவுரைகளில் நன்றியோடு குறிப்பிடப்படுகிறது. அதற்குக் காரணம் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867-1911).

தொழிலுக்காக நாலு பேரோடு பழகுவது என்றாலே காரியம் சாதிக்கத்தானே, அதில் உண்மையான உறவு எப்படி வரும் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த நல்ல சான்று இந்த மனிதரின் வாழ்க்கை.

தமிழ்ப் புலவர்களை ஆதரிப்பது அவர் குடும்பத்துக்குப் புதிதல்ல. தந்தை பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணை நின்றவர். ஆனால் மகன் ஒரு படி மேலே போனார். புலவர் வந்து பாடுவார், வள்ளல் பரிசு கொடுத்து அனுப்புவார் என்பது பழைய முறை. பாண்டித்துரைத் தேவரோ வந்தவருக்கு என்ன தடைபட்டு நிற்கிறது என்று பார்த்தார். அச்சுக்கூலியா, மாதச் சம்பளமா, ஏட்டுச்சுவடியா, இல்லை பேசுவதற்கு இன்னொரு புலவரா? உ.வே. சாமிநாதையர் 1898-இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அவருக்கு வேண்டியிருந்தது பொருளுதவி. அதைச் செய்தார்.

சிங்காரவேலு முதலியாரின் கதையை நான் இளைஞர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. சென்னையில் தமிழாசிரியராக இருந்தவர். புராண, இலக்கியப் பெயர்களையும் செய்திகளையும் பல்லாண்டு தனி ஆளாகத் தொகுத்து வந்தார். பெரிய கையெழுத்துப் பிரதி. அதை அச்சேற்றச் செல்வர் பலரை அணுகிப் பார்த்தும் கைகொடுக்க ஆளில்லை. ஒரு தனி மனிதர் வாழ்நாளைப் போட்டுச் செய்த வேலை பரணில் கிடந்து செல்லரித்துப் போயிருக்கும். பாண்டித்துரைத் தேவர் அதைப் பார்த்து, அதன் மதிப்பை உணர்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அபிதான சிந்தாமணி வந்தது. தமிழில் இன்னும் புரட்டப்படுகிற கலைக்களஞ்சியம். கொடுப்பதில் பணத்தை எண்ணி வைப்பது சுலபமான பாகம். அடுத்தவர் உழைப்பை உட்கார்ந்து பார்த்து, இது அச்சேற வேண்டியது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். அதற்கு நேரமும் வேண்டும், படிப்பும் வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன. பன்னூற்றிரட்டு என்று செய்யுள் தொகுப்பு ஒன்றைத் தாமே தொகுத்தவர் அவர்.

மதுரையில் ஒரு சமயம் அவர் சொற்பொழிவுக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டபோது, நகரத்தில் பிரதி கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். அந்த மனக்குறையிலிருந்து 1901 செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கம் பிறந்தது. சங்கம் என்றால் ஆண்டுக்கொரு கூட்டம் நடத்திக் கலைந்து போகிற அமைப்பல்ல. செந்தமிழ்க் கல்லூரி, புத்தகசாலை, அச்சுக்கூடம், பண்டிதத் தேர்வுகள், ‘செந்தமிழ்’ என்ற மாத இதழ் எல்லாம் அதில் இருந்தன. அதுவரை புலவர்கள் ஆதீனங்களிலும் சமஸ்தானங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தனித்தனியே இருந்தார்கள். ஒருவர் திருத்திய பாடத்தை இன்னொருவர் பார்க்க வழி குறைவு. ‘செந்தமிழ்’ வந்த பிறகு ஓர் ஊரில் எழுதியதை மறு ஊர்ப் புலவர் படித்து மறுத்தார், ஒப்பினார், சேர்த்து எழுதினார். பாண்டித்துரைத் தேவர் கொடுத்தவற்றிலெல்லாம் பெரியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். தனக்குத் தெரிந்தவர்களைத் தன்னைச் சுற்றி உட்கார வைத்துக்கொள்ளாமல், அவர்கள் ஒருவரோடொருவர் பழக ஓர் இடம் செய்து கொடுத்தார்.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது, அதன் தலைவர் பொறுப்பில் இருந்தவரும் பாண்டித்துரைத் தேவரே. பங்கு ஒன்று 25 ரூபாய், மூலதனம் 10 லட்சம். புதிய கம்பெனியில் பணம் போட வியாபாரிகள் யோசிப்பார்கள். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு போட்டி என்றால் இன்னும் யோசிப்பார்கள். நம்பத் தகுந்த ஒரு பெயர் முன்னால் இருந்தால் தயக்கம் குறையும். ஆங்கிலேய ஆட்சியின் கீழ் ஜமீன் நடத்துபவர் அந்தப் பெயரைக் கொடுப்பது சாதாரணத் துணிச்சல் அல்ல. பணத்தைவிடச் சில சமயம் பெயரைக் கொடுப்பதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

அவர் ஜமீன்தார், கொடுத்தார், நமக்கென்ன வசதி இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஜமீன் வருமானம் என்பது குடியானவர்கள் கட்டிய தீர்வை. புத்தக முகவுரைகளில் சொல்லப்படும் அந்த நன்றியில் அந்தக் குடியானவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் வசதி இல்லாமலும் இதைச் செய்தவர்கள் உண்டு. மணிமேகலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாமிநாதையரிடம் ஏடுகள் இருந்தன, உழைப்பு இருந்தது. ஆனால் நூலில் வரும் புரியாத சமயக் கருத்துகளை விளக்கத் தமிழ்நாட்டில் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார், அவை பௌத்த மதக் கருத்துகள் என்று கண்டு சொன்னார். ஆங்கிலத்தில் இருந்த பௌத்த நூல்களைத் தேடிப் பிடித்து, படித்துப் பொருள் சொன்னார். அவர் ஒன்றும் செல்வர் அல்ல. தனக்குத் தெரிந்த ஒரு மொழியையும், தனக்குரிய நேரத்தையும் சக ஊழியருக்குக் கொடுத்தார். மணிமேகலையை இன்று நாம் புரிந்துகொண்டு படிப்பதில் அவருடைய மாலை நேரங்களும் இருக்கின்றன.

நம்மால் முடிவது இந்த அளவுதான், ஆனால் இது குறைவல்ல. அருப்புக்கோட்டையில் தறி போட்டிருப்பவர், புதிதாக வந்தவருக்குச் சாயம் ஒழுங்காக நிற்கும் பட்டறையைக் காட்டிக் கொடுக்கலாம். நூல் வியாபாரியிடம், ‘இவர் நம்ம ஆளு, சொன்ன தேதிக்குப் பணம் வந்துரும், என் பொறுப்பு’ என்று ஒரு போன் போடலாம். அந்தப் போனுக்குப் பின்னால் நம்முடைய பெயர் இருக்கிறது. அதனால் யாருக்கும் போட்டுவிடக் கூடாது, ஆளைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். வேலை தேடும் தம்பியின் பயோடேட்டாவை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். போட்ட பின் அடுத்த மாதமே பதிலுக்கு ஏதாவது எதிர்பார்த்தால், அது கைமாற்று கொடுத்த கணக்காகிவிடும்.

பாண்டித்துரைத் தேவர் 1911 டிசம்பரில் காலமானார். வயது 44. அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் சதாவதானம் முத்துசாமி ஐயங்கார். அந்த ஆசிரியரின் மகன் மு. இராகவையங்காரை இளைஞராக இருந்தபோதே தேவர் ஆதரித்து, மதுரைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். ‘செந்தமிழ்’ இதழின் ஆசிரியப் பொறுப்பை அந்த இளைஞர் சில ஆண்டுகள் ஏற்று நடத்தினார். தேவர் மறைந்த பிறகு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காகத் தமிழ்ப் பேரகராதி வேலை தொடங்கியபோது, அதில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தார் மு. இராகவையங்கார். பேரகராதி முடியும் காலம் வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கே உழைத்தார். நாம் இன்று ஒரு சொல்லுக்குப் பொருள் தேடித் திறக்கும் அகராதி அதுதான்.