அணுக்கழிவும் கிணற்று நீரும்

நம் சங்கக் கூட்டங்களில் நூல் விலையும் விளைபொருள் விலையும் பேசி முடிந்த பின்னர், அங்கத்தினர்கள் சிலர் தவறாமல் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "பொட்டிப்புரம் மலையைக் குடைந்து அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்களாமே, உண்மைதானா?" என்பதே அது. போடி வட்டாரத்து ஏலக்காய்த் தோட்டக்காரரும், கம்பத்துத் திராட்சை விவசாயியும், ஆண்டிப்பட்டிப் பக்கத்து நெசவாளரும் ஒரே கவலையோடுதான் இதைக் கேட்கின்றனர். கேட்பது நியாயமே. மலையில் பெய்யும் மழையே நமக்குக் கிணற்று ஊற்று. ஆகவே, அணுக்கழிவு என்பது யாது, அதைச் சுத்திகரிக்கும் கூடம் ஒன்று எழுந்தால் சுற்றுப்புறத்துக்கு நேர்வது என்ன என்பதை இவ்விதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் பொட்டிப்புரத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். அங்கே அமைக்கக் கருதியது நியூட்ரினோ ஆய்வுக்கூடம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. நியூட்ரினோ என்பது சூரியனிலிருந்தும் காற்றுமண்டலத்திலிருந்தும் இடையறாது வந்து, நம் உடலையும் மலையையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள். அதை ஆராய்வதால் அணுக்கழிவு உண்டாவதில்லை. அத்திட்டத்தின்மீது எழுந்த தக்க கேள்விகள் வேறு: பாறைக்கு வைக்கும் வெடி, குடைந்தெடுக்கும் கல், எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள மதிகெட்டான் சோலை வனவிலங்குகள் ஆகியன பற்றியவை அவை. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022-இல் தமிழக அரசு, இத்திட்டத்துக்கு இடமளிக்க இயலாதென்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

ஆயினும் மக்களின் ஐயம் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965-இல் காற்றுமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டன. அதே சுரங்கத்தில்தான் 1980-களில், கழிவின் வெப்பத்தைப் பாறை எவ்வாறு தாங்கும் என்று மின்சூடேற்றிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தனர். கழிவு எதையும் அங்கே இறக்கவில்லை. ஆனால் துகளாராய்ச்சியும் கழிவாராய்ச்சியும் ஒரே சுரங்கத்தில் நடந்தது உண்மை. பின்லாந்து நாட்டில், எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைப் புதைப்பதற்கென்றே 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்திருக்கிறார்கள். இவற்றைக் கேள்வியுற்றவர்கள் பொட்டிப்புரத்தையும் அவ்வாறே எண்ணியதில் வியப்பில்லை.

அப்படியானால் நம் நாட்டு அணுக்கழிவு எங்கேதான் போகிறது? பெரும்பாலும் அது பிறந்த வளாகத்திலேயே தங்குகிறது. கல்பாக்கத்தில் 1984-இலும் 1986-இலும் இரண்டு உலைகள் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. அவற்றின் அருகிலேயே கழிவைச் சுத்திகரிக்கும் கூடமும் உண்டு. தரை கழுவிய நீர், தொழிலாளர் உடை துவைத்த நீர் முதலியவை கதிரியக்கம் குறைந்தவை, அளவில் மிகுதியானவை. கலங்கிய குடத்து நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் மண் அடியில் படிகிறதல்லவா? அதுபோல, சில இரசாயனங்களைச் சேர்த்துச் சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலிய கதிரியக்கப் பொருள்களைப் படிய வைக்கின்றனர். படிந்த சேற்றைச் சிமெண்டோடு குழைத்துப் பீப்பாய்களில் இறுக்கி, கான்கிரீட் அகழிகளில் அடுக்கி மூடுகின்றனர். தெளிந்த நீரை அளந்து பார்த்து, வரம்புக்கு உட்பட்டிருந்தால் கடலில் விடுகின்றனர்.

சாயத்தொட்டியோடு பழகிய நம் நெசவாளர்களுக்கு இதில் ஒரு நுட்பம் உடனே புலப்படும். சுத்திகரிப்பு என்பது நஞ்சை அழிப்பதன்று, ஓரிடத்தில் திரட்டுவதேயாகும். திருப்பூர்ச் சாயநீர் நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவின் தேக்கமாக மாறியதை அறிவோம். பின்னர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது, நீர் தெளிந்தது; ஆனால் வடிகட்டிய சேறும் உப்பும் எங்கே போவது என்ற கேள்வி பிறந்தது. அணுக்கழிவிலும் கேள்வி அதுவே. சாயச்சேறு காலத்தால் தானாகக் குறையாது, கதிரியக்கம் குறையும். ஆனால் அந்தக் காலம் நெடியது. சீசியத்தின் கதிரியக்கம் 30 ஆண்டுகளில் பாதியாகிறது; அடுத்த 30-இல் அதிற் பாதி. இப்படிப் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்காக ஒடுங்குவதற்கு 300 ஆண்டுகள் வேண்டும். நம் பள்ளத்தாக்கை வாழவைக்கும் முல்லைப்பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்தது. அதன் வயதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட காலம் அந்த அகழிகள் காவலில் இருக்க வேண்டும்!

ஆகவே இத்தகைய கூடத்தின் சுற்றுச்சூழல் ஆய்வில் புகைபோக்கியின் உயரத்தைக் காட்டிலும், அகழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியே முதலில் பார்க்கத்தக்கது. கோடையில் அளந்த மட்டம் ஐப்பசி மழையில் எங்கே நிற்கும் என்பது கிணறு வெட்டிய எவர்க்கும் தெரியும். கட்டும்போதே, அடித்தளக் குழியில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றினால் அண்டைக் கிணறுகள் வற்றக்கூடும். கடலோர மணலில் உப்புநீர் உள்ளே ஏறவும்கூடும்.

தேற்றாங்கொட்டைக்கு அகப்படாத பொருள் ஒன்றும் உண்டு. அது டிரிட்டியம். கனநீர் உலைகளில் இது மிகுதியாக உண்டாகிறது. நீரில் கலந்த கசடாக இராமல் நீராகவே ஆகிவிடுவதால் இதை வடிகட்டவோ படிய வைக்கவோ இயலாது. ஏராளமான நீரில் கலந்து நீர்த்துப்போகச் செய்வதே வழக்கம். ஜப்பானில் விபத்துக்குள்ளான புகுஷிமா நிலையத்தின் நீரை 2023 ஆகஸ்டு முதல் கடலில் விடத் தொடங்கியபோது மீனவர் எதிர்த்ததும் இதன் பொருட்டே. டிரிட்டியத்தின் கதிர்கள் வலுக்குன்றியவை. அது பாதியாவதற்கு 12 ஆண்டுகளே. அச்சம் அளவோடு இருக்கலாம். கணக்கு மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

எரிபொருளை மறுசுத்திகரிக்கும்போது மிஞ்சும் கடுங்கழிவு அளவிற் சிறிது, கொடுமையிற் பெரிது. அதைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் வார்க்கின்றனர். இம்முறை நம் நாட்டில் 1980-களில் தாராப்பூரில் தொடங்கிற்று. கலங்களைக் காற்றோட்டத்தில் ஆறவைத்துக் காக்கின்றனர். இறுதியாகப் புதைக்கும் ஆழ்சுரங்கம் இந்தியாவில் இன்னும் அமையவில்லை. கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கூடத்துக்கு 2019 ஜூலை 10 அன்று மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பினால் தள்ளி வைக்கப்பட்டதும் இந்தக் குறையை ஒட்டியதே. தற்காலிகம் என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டு என்று அவ்வூரார் கேட்டதை நாம் பிழையென்று சொல்லமாட்டோம்.

காகிதத்தில் எழுதிய ஆய்வுக்குப் புலப்படாதவையும் உண்டு. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு கசிந்து, மென்கழிவுத் தொட்டிக்குள் கடுங்கழிவு புகுந்துவிட்டது. அதை அறியாமல் மாதிரி எடுத்த தொழிலாளர் ஆறு பேர் வரம்புக்கு மேற்பட்ட கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். எச்சரிக்கும் கருவி அவ்விடத்தில் இருக்கவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து அந்நிலையத்தின் நீரேற்றுக் கூடத்துள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. முதலாவது சிறு வால்வு, இரண்டாவது பெருங்கடல். இரண்டையும் எண்ணியே இடம் தேர வேண்டும்.

இத்தகைய கூடம் எங்கே வருவதாயினும், அண்டை ஊரார் அடிக்கல் நாட்டுமுன்பே கேட்டுப் பெற வேண்டியது ஒன்று: தங்கள் கிணற்று நீர், கறவைப் பால், கீரை, நெல் ஆகியவற்றில் இயற்கையாகவே உள்ள கதிரியக்கத்தின் அளவு. பின்னாளில் ஏறிற்றா இல்லையா என்று ஒப்பிட அதுவே ஆதாரம். அணுமின் நிலையங்களை அடுத்து இவற்றை அளக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை நடத்துவது அணுசக்தித் துறையே. அளந்த பட்டியல் தமிழில், ஆண்டுதோறும், பஞ்சாயத்து அலுவலகத்தில் தொங்க வேண்டும் என்பதும், துறைக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியேனும் அதைத் தனியே சரிபார்க்க வேண்டும் என்பதும் நம் கருத்து. அப்பட்டியலை 300 ஆண்டு காப்பாற்றுவது எப்படியென்று மட்டும் நமக்கு விளங்கவில்லை; நம் சங்கத்து நடவடிக்கைப் புத்தகங்களிலேயே பழைய நான்கைக் கரையான் அரித்துவிட்டது.