கடல் கடக்கும் விதை

விதையின் தரத்தை முளைப்புத்திறன், புறத்தூய்மை, இனத்தூய்மை, ஈரப்பதம் ஆகியவற்றைக் கொண்டு அளப்பதே வழக்கம். ஆயினும் இவை அனைத்திலும் தேறிய விதையும் கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சாணத்தையோ வைரசையோ சுமந்திருக்கக்கூடும். ஆகவே நாடு கடக்கும் விதைக்குத் தரச்சான்று மட்டும் போதாது. வாங்கும் நாடு அஞ்சி விலக்கும் நோயும் பூச்சியும் அதில் இல்லையென அனுப்பும் நாட்டின் அரசுத்துறை உறுதிகூறும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 1951இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையே இச்சான்றிதழ் முறைக்கு அடிப்படை.

இதை வெறும் தாள்வேலை என்று ஒதுக்கிவிட முடியாது. 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கோதுமைக் குலைநோய், விதைவழியாகவும் பரவக்கூடிய பூஞ்சாண நோய்; நெடுங்காலம் தென் அமெரிக்காவிலேயே அடங்கியிருந்த அது, 2016இல் வங்கதேசத்தில் தோன்றி ஏறத்தாழ 15,000 எக்டேர் பயிரைத் தாக்கியது; அப்பூஞ்சாணம் தென் அமெரிக்க வழியில் வந்தது என்பதை மரபணு ஆய்வு காட்டியது. அதன்பின், நோய் எல்லை தாண்டாதிருக்க, மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமை சாகுபடியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த இழப்பைச் சுமந்தவர்கள் உழவர்களே.

ஆனால் விதை வணிகத்தின் போக்கு இக்கண்காணிப்பை எளிதாக்குவதில்லை. ஒரு நாட்டில் விளைந்து, வேறொன்றில் சுத்திகரிக்கப்பட்டு, மூன்றாவதில் விற்கப்படுவது இன்று சாதாரணம். சில நோய்கள் இல்லையென்று சொல்லவோ, தாய்ச்செடி வயலில் நிற்கும்போதே பார்த்திருக்க வேண்டும். விதை எங்குச் செல்லும் என்பது அறுவடைக்கு நெடுநாள் பின்னரே முடிவாவதால், வாங்கும் நாடு வயலாய்வைக் கேட்கும் வேளையில் வயலில் பயிர் இருப்பதில்லை. 2017இல் ஏற்கப்பட்ட 38ஆம் எண் பன்னாட்டுத் தரநிலை இந்த இடைவெளியையே கருத்தில்கொண்டு, முதல் ஏற்றுமதியின்போதே கூடுதல் ஆய்வு விவரங்களைச் சான்றிதழில் பதியச் செய்ய வழிகாட்டுகிறது. அதன் மிகப் பயனுள்ள பகுதி இதுவே எனலாம்.

ஆராய்ச்சிக்காக வரும் சில நூறு விதைகளின் நிலை வேறு. சோதனைக்கு எடுக்கும் விதை பெரும்பாலும் அழிந்துபோவதால், அதற்கே முழுவதையும் செலவிட நேரும். அத்தகைய விதையை முதலில் காப்புக்கூடத்தில் தனித்து வளர்த்து, செடியில் நோய்க்குறி இல்லை என்று கண்டபின் அதன் விளைவிதையை வெளியில் விடலாம். இந்தியாவில் ஆராய்ச்சிக்கான விதைகளைப் புது தில்லியிலுள்ள தேசிய தாவர மரபணு வள அமைப்பு இவ்வாறு சோதித்துத் தருகிறது.