சிவப்பு டீசலும் சாலைக் கணக்கும்

சலுகை ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு. அந்நோக்கத்திற்குப் புறம்பாக ஒருவர் அதனைப் பயன்படுத்துவாராயின் அவருக்குச் சிறு ஆதாயம் கிட்டலாம். ஆயினும் அதனால் விளையும் நட்டத்தைப் பிறர் சுமக்க நேரிடும். மேனாடுகளில் வயல் வேலைக்கென வரியின்றியோ குறைந்த வரியிலோ விற்கப்படும் டீசல் எண்ணெயின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளும், சலுகை விலையில் நூல் பெறும் நெசவாளர்களும் இதனை அறிந்திருத்தல் நலமென்று கருதுகிறோம்.

வரியும் விலக்கும்

சாலையில் ஓடும் லாரி சாலையைத் தேய்க்கிறது. மிகுந்த தூரம் ஓடும் வண்டிக்கு மிகுந்த எண்ணெய் தேவை. எனவே எண்ணெயின்மீது வரி விதித்தால், சாலையை அதிகமாகப் பயன்படுத்துவோர் அதிகமாகச் செலுத்துவர். இக்கருத்தை ஒட்டியே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலை நிதி ஏற்படுத்தப்பட்டது. அங்கே ஒரு காலன் டீசலுக்கு மத்திய சர்க்கார் விதிக்கும் வரி 24.4 சென்டு. காலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். இவ்வரி அநேகமாக முழுவதும் அந்நிதிக்கே செல்கிறது. மாநிலங்கள் விதிக்கும் வரி வேறு.

வயலை உழும் டிராக்டரோ நெடுஞ்சாலையைத் தேய்ப்பதில்லை. அதன் உரிமையாளரிடம் சாலைக்கான வரியை வசூலிப்பது முறையன்று. ஆதலின் உழவுக்குப் பயன்படும் டீசலுக்கு அங்கே இவ்வரி இல்லை. பிரிட்டனிலோ எண்ணெய் வரி பொதுக் கருவூலத்தைச் சேர்கிறது. வரி முழுவதும் நீக்கப்படாமல் குறைக்கப்பட்டிருக்கிறது. 2022 மார்ச்சு மாதம் அங்கு நிர்ணயிக்கப்பட்ட விகிதப்படி, சாலை டீசலுக்கு லிட்டருக்கு 52.95 பென்சு, வயல் டீசலுக்கு 10.18 பென்சு. நூறு லிட்டரில் வேறுபாடு ஏறக்குறைய 43 பவுன். ஆசையைத் தூண்டுவதற்கு இத்தொகை போதுமல்லவா?

நிறம் எதற்கு?

இருவகை எண்ணெயும் எரிவதில் ஒன்றே. கண்ணால் பார்த்து இது இன்னதென்று பிரித்தறிய இயலாது. ஆகவேதான் சலுகை எண்ணெயில் சாயம் கலக்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது சிவப்பு, அயர்லாந்தில் பச்சை. அதிகாரிகள் சாலையோரத்தில் லாரியை நிறுத்தி, தொட்டியிலிருந்து சிறிது எண்ணெய் எடுத்துப் பார்க்கிறார்கள். சிறிதளவு கலந்திருந்தாலும் சாயம் காட்டிக்கொடுத்துவிடும்.

"எண்ணெய் ஒன்றேயாயின் வண்டிக்கு என்ன கெடுதல்?" என்று சிலர் வினவுவர். வண்டிக்குக் கெடுதல் இல்லாதிருக்கலாம். குற்றம் எண்ணெயில் அன்று, கணக்கில் உள்ளது. 2017-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்தைப் பெரும்புயல் தாக்கியபோது எண்ணெய்த் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது சில வாரங்களுக்குச் சிவப்பு டீசலைச் சாலை வண்டிகளில் பயன்படுத்த அனுமதித்தனர். ஆனால் காலனுக்கு 24.4 சென்டு வரியைச் செலுத்திவிட வேண்டும் என்பது நிபந்தனை. தடை எதன் பொருட்டு என்பது இதனால் விளங்கும்.

தண்டனை

அமெரிக்கச் சட்டப்படி, சிவப்பு டீசலைத் தெரிந்தே சாலை வண்டியில் பயன்படுத்துவோருக்கு 1,000 டாலர், அல்லது காலனுக்கு 10 டாலர், இவற்றுள் எது அதிகமோ அது அபராதம். நூறு காலன் ஊற்றியவர் மத்திய வரியில் மிச்சம் பிடித்தது 24 டாலர் 40 சென்டு. இழப்பதோ 1,000 டாலர். மறுமுறை பிடிபட்டால் தொகை இருமடங்கு. தெரிந்தே விற்றவருக்கும், சாயத்தை மாற்ற முயன்றவருக்கும் தண்டனை உண்டு. பிரிட்டனில் வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

சாயம் நீக்கும் தொழில்

வட அயர்லாந்தின் எல்லைப்புறத்தில் இக்குற்றம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மறைவான கொட்டகைகளில் அமிலத்தாலும் ஒருவகைக் களிமண்ணாலும் சாயத்தை நீக்கிச் சாலை டீசல் என்று விற்றனர். எஞ்சிய நச்சுக் கழிவை ஊர்ப்பாதைகளின் ஓரத்தில் இரவோடு இரவாகப் போட்டுச் சென்றனர். அதனை அகற்றும் செலவு உள்ளூர் மன்றங்களின் தலையில் விழுந்தது. மலிவென்று அவ்வெண்ணெயை வாங்கியோரின் என்ஜின்களில் எஞ்சிய அமிலம் பம்பை அரித்தது. இதனைத் தடுக்க, எளிதில் நீக்கவியலாத புதிய அடையாளப்பொருள் ஒன்றை 2015-ஆம் ஆண்டு பிரிட்டனும் அயர்லாந்தும் ஒருங்கே புகுத்தின.

இழப்பவர் யார்?

முதலில் இழப்பது பொதுநிதி. அடுத்து, வரி செலுத்தி நேர்மையாக லாரி ஓட்டுபவர். குறைந்த வாடகைக்குச் சரக்கேற்றும் கள்ளனோடு அவர் போட்டியிட முடியாது. மூன்றாவதாக, உழவர். சலுகை என்றென்றும் நிலைப்பதன்று. 2022 ஏப்ரல் முதல் பிரிட்டனில் கட்டுமானத் தொழில் உள்ளிட்ட பலவற்றுக்குச் சிவப்பு டீசல் உரிமை நீக்கப்பட்டது. சுற்றுச்சூழலைக் காப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். உழவுக்கு அவ்வுரிமை நீடித்தது. எனினும், சலுகைகள் மறுபரிசீலனைக்கு வரும்பொழுது, ஒழுங்காகப் பயன்படுத்தியோரே தம் தேவையைத் தலைநிமிர்ந்து எடுத்துரைக்க இயலும்.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் உழவருக்கென நிறமிட்ட டீசல் இல்லை. ஆனால் நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் இட்டதும், அது ஏழையின் அடுப்பிற்குச் செல்லாமல் டீசலில் கலக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே. தமிழ்நாட்டு மீனவரின் இயந்திரப் படகுகளுக்கு விற்பனை வரி விலக்குடன் டீசல் அளிக்கப்படுகிறது. அது கரையிலே லாரிக்குச் சென்றால் கடலுக்குச் செல்லும் படகிற்குப் பங்கு குறையும். கைத்தறிக்கென வந்த சிட்ட நூல் விசைத்தறிக்குச் சென்றாலும் அவ்வாறே. அத்தறியில் நெய்த துணி சந்தையில் நம் துணியோடு போட்டியிடும். நம் சலுகையே நமக்கு எதிராகத் திரும்பும்.

நூலுக்குச் சாயமிட்டு அடையாளம் செய்ய இயலாது. நமக்கு அடையாளம் சங்கத்தின் பதிவேடுகளே. எந்த அங்கத்தினருக்கு எந்நாளில் எவ்வளவு வழங்கப்பட்டது, அதற்கீடாக எவ்வளவு துணி வந்தது என்பது இருப்புப் பதிவேட்டில் நாள்தோறும் ஏற வேண்டும். அங்கத்தினர்களும் பொதுக்குழுவில் அக்கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவ்வாறு கேட்பது நிர்வாகிகளை ஐயுறுவதாகாது, அங்கத்தினரின் உரிமையாகும். தனக்குரிய சலுகை எவ்வழியில் செல்கிறதென்று தானே கண்காணிக்கும் சங்கம் அதனை இழப்பது அரிது.