யார் இந்த 'ரோசாப்பூ துரை'? காந்தியின் பத்திரிகைக்கு ஆசிரியரான மதுரை வக்கீலின் கதை

மதுரை யானைக்கல் பக்கம் ஒரு சிலை இருக்கிறது. தினமும் அந்த வழியாக பஸ்சிலும் பைக்கிலும் போகிறவர்களில் பலருக்கு அது யாருடைய சிலை என்று தெரியாது. பெயர் ஜார்ஜ் ஜோசப். ஆனால் உசிலம்பட்டி பக்கத்து கிராமங்களில் அவருக்கு வேறு பெயர், ரோசாப்பூ துரை.

கோட்டில் ரோஜாப்பூ குத்தியிருப்பார், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். 'ஜோசப்பு துரை' என்பதுதான் கிராமத்து வாயில் 'ரோசாப்பூ துரை' ஆகிவிட்டதோ என்றும் தோன்றுகிறது. எதுவாக இருந்தாலும், அவர் நினைவாக பிள்ளைகளுக்கு 'ரோசாப்பூ' என்று பெயர் வைக்கும் அளவுக்கு அந்த மக்கள் மனதில் நின்றவர்.

இத்தனைக்கும் அவர் மதுரைக்காரர் இல்லை. தமிழரும் இல்லை. பிறகு எப்படி?

ஜிப்ரால்டரில் மறிக்கப்பட்ட கப்பல்

1887-ல் அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் செங்கன்னூரில், ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜார்ஜ் ஜோசப். எடின்பரோவில் எம்.ஏ. தத்துவம், லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. 1909-ல் இந்தியா திரும்பியவர், பிறகு மதுரைக்கு வந்து வக்கீல் தொழிலில் இறங்கினார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இந்தியாவுக்கு சுயாட்சி வேண்டும் என்ற ஹோம் ரூல் கோரிக்கையை இங்கிலாந்து மக்களிடமே போய்ப் பேச அன்னி பெசன்ட் ஒரு குழுவை அனுப்பினார். அதில் ஜார்ஜ் ஜோசப்பும் ஒருவர். 1918-ல் கப்பல் ஜிப்ரால்டர் வரை போனது. அதற்கு மேல் விடவில்லை. அங்கேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மதுரையில் அவருக்கு வேலை காத்திருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு சங்கம் கட்டினார். 1919-ல் ரௌலட் சட்டத்துக்கு எதிரான சத்தியாகிரகத்தை மதுரையில் முன்னின்று நடத்தினார்.

பிறந்தாலே குற்றவாளியா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரோசாப்பூ துரை என்ற பெயர் பிறந்ததே இங்கேதான்.

1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தனி ஆள் ஒருவர் குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இந்தச் சட்டத்துக்குத் தேவையில்லை. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். அதில் பிறந்தவர்கள் பெயரைப் பதிந்து, கைரேகை எடுத்து, கண்காணிப்பில் வைக்கலாம். அதனால்தான் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள்.

மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் மீது இது பாய்ந்தது. ராத்திரி ஆனால் ஆண்கள் போலீஸ் கண்காணிப்பில் ஒரு பொது இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டும் என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆன மாப்பிள்ளைக்கும் விதிவிலக்கு இல்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பதியவில்லை என்றாலும் குற்றம், ராத்திரி வரவில்லை என்றாலும் குற்றம். அதாவது, குற்றத்தைத் தடுப்பதாகச் சொன்ன சட்டமே தினம் தினம் புதுக் குற்றவாளிகளை உருவாக்கியது.

1920 ஏப்ரல் 3-ம் தேதி, உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் கைரேகை கொடுக்க மாட்டோம் என்று மக்கள் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள்.

அந்த நாளில் இந்த மக்கள் பக்கம் நின்று பேச படித்த வர்க்கத்தில் ஆள் குறைவு. 'கள்ளர்களுக்கு வக்காலத்தா?' என்பதுதான் டவுன் மனநிலை. ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக கோர்ட்டில் நின்றார். இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைகளில் எழுதினார்.

பேனாவுக்குக் கிடைத்த ஜெயில்

ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டார். மோதிலால் நேரு அலகாபாத்தில் நடத்திய 'தி இண்டிபென்டன்ட்' நாளிதழுக்கு ஆசிரியர் ஆனார். 1921 டிசம்பரில் கைது. லக்னோ சிறையில் ஜவஹர்லால் நேரு, தேவதாஸ் காந்தி ஆகியோருடன் இருந்தார். வெளியே பத்திரிகையை மகாதேவ தேசாய் கையால் எழுதியே கொண்டுவந்தார் என்பது தனிக் கதை.

அடுத்தது 'யங் இந்தியா'. அதில் எழுதிய கட்டுரைகளுக்காகவே காந்தி 1922-ல் சிறைக்குப் போனார். ராஜாஜிக்குப் பிறகு 1923-ல் அந்த ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜார்ஜ் ஜோசப். (இவருடைய தம்பி போத்தன் ஜோசப்பும் பெரிய பத்திரிகையாளர். ஜின்னாவின் 'டான்', பெங்களூரின் 'டெக்கான் ஹெரால்ட்' இரண்டுக்கும் ஆசிரியராக இருந்தவர்!)

காந்தியோடு எங்கே முட்டியது?

1924 மார்ச் 30-ல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவே கூடாது என்ற தடைக்கு எதிரான போராட்டம். சொந்த சமஸ்தானத்துப் பிரச்சனை என்பதால் ஜார்ஜ் ஜோசப் முன்னால் போய் நின்றார்.

ஏப்ரல் 6-ம் தேதி காந்தியிடம் இருந்து அவருக்குக் கடிதம். தீண்டாமை இந்துக்களின் பாவம், அதை இந்துக்கள்தான் சரி செய்ய வேண்டும், நீங்கள் ஒதுங்கி இருங்கள் என்பது அதன் சாரம். ஜார்ஜ் ஜோசப்பின் பார்வை வேறு. பொதுத் தெருவில் நடப்பது குடிமக்களின் உரிமை, அதில் மதம் எங்கே வந்தது?

காந்தி சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. போராட்டத்துக்கு மதச்சாயம் பூசிவிட்டால் எதிர்த் தரப்புக்கு வசதியாகிவிடும். ஆனால் மதுரையில் வெளியூர்க்காரரான, வேற்று மதத்தவரான ஒருவரை 'இது உன் பிரச்சனை இல்லை' என்று கள்ளர்கள் தள்ளவில்லை. பிறந்த மண்ணில்தான் அவர் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று என்பது வருத்தமான விஷயம்தான்.

அவர் ஒதுங்கவில்லை. தலைவர்கள் ஒவ்வொருவராகக் கைதானபோது அவரும் கைதானார். 'வைக்கத்துக்கு வாருங்கள்' என்று பெரியாரை அழைத்தவர்களில் அவரும் ஒருவர். ஏப்ரல் 13-ம் தேதி பெரியார் அங்கே வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும்.

மறுபடியும் மதுரை

1925-ல் மதுரை திரும்பி வக்கீல் கோட்டை மாட்டினார். காங்கிரசை விட்டும் விலகினார். ஆனால் 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜர் சேர்க்கப்பட்டபோது, வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும்தான் அவருக்காக வாதாடினார்கள். காமராஜர் விடுதலை ஆனார். அந்தக் கேஸ் வேறு மாதிரி முடிந்திருந்தால் தமிழ்நாட்டு அரசியல் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1935-ல் மீண்டும் காங்கிரஸ். 1937-ல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி தொகுதியில் இருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். ஒரு வருஷம்கூட முழுசாக அந்தப் பதவியில் இல்லை. 1938 மார்ச் 5-ம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 50.

அவர் எதிர்த்து எழுதிய ரேகைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது அதற்கு 9 வருஷம் கழித்து, 1947-ல். பெருங்காமநல்லூரில் ஒவ்வொரு ஏப்ரல் 3-ம் தேதியும் நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறார்கள்.