கம்பியில்லா வேக்குவம் கிளீனர்: வாங்கத் தகுந்ததா?

தசரா தொடங்கித் தீபாவளி முடியும் வரையிலான வாரங்களில் வீட்டு உபயோகப் பொருள்களின் விளம்பரங்கள் நாளிதழ்களையும் கைப்பேசித் திரைகளையும் நிறைத்துவிடுகின்றன. அண்மைக் காலமாக அவற்றுள் முன்வரிசையில் இடம்பெறுவது, மின்கம்பி இல்லாமல் பேட்டரியால் இயங்கும் வேக்குவம் கிளீனர். இது ஐயாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எளிய மாதத் தவணையும் உண்டு என்கிறார்கள். பல குடும்பங்களின் ஒரு மாத வாடகைக்கு இணையான தொகையை இதற்குச் செலவிடலாமா? கருவி இயங்கும் விதத்தையும் அதன் முழுச் செலவையும் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

பரணுக்குப் போன கருவி

தூசியை உறிஞ்சும் இயந்திரம் புதியதன்று. 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் இதனை உருவாக்கினார். நம் நாட்டில் 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் வீடு வீடாகச் சென்று செயல்முறை காட்டியதால், நகரங்களின் நடுத்தரக் குடும்பங்களுக்கு இக்கருவி அறிமுகமாயிற்று. ஆயினும் வாங்கப்பட்டவற்றுள் பல சில மாதங்களிலேயே பரணுக்குப் போயின. அவை தூசியை நன்றாகவே உறிஞ்சின. ஆனால் அவற்றைக் கீழே இறக்குவது, குழாய்களை இணைப்பது, அறைக்கு அறை பிளக்கை மாற்றுவது, பின் மீண்டும் சுருட்டி வைப்பது ஆகியவை துடைப்பத்தால் பெருக்குவதைவிடப் பெரிய வேலையாக இருந்தன.

கம்பியில்லாக் கருவி தீர்க்க முயல்வது இந்தச் சிக்கலையே. கையடக்கமான கம்பியில்லாக் கருவிகள் 1979 முதலே விற்பனையில் இருந்தாலும், அன்றைய பேட்டரிகளின் ஆற்றல் மேசையில் சிந்தியதை எடுக்க மட்டுமே போதுமானதாக இருந்தது. 1991இல் லித்தியம் அயனி பேட்டரி சந்தைக்கு வந்து, பின்னர் அதன் விலையும் படிப்படியாகக் குறைந்த பிறகே, வீடு முழுவதையும் சுத்தம் செய்யக்கூடிய நீண்ட கைப்பிடிக் கருவிகள் பரவலாயின.

நாற்பது நிமிடம் ஒன்பது நிமிடமாவது எப்படி?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படுவது, 'ஒரு சார்ஜில் 40 நிமிடம்' என்ற வாசகம். இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இவ்வகைக் கருவிகள் பலவற்றில் 3.6 வோல்ட் உடைய ஏழு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு 25.2 வோல்ட் தருகின்றன. அவற்றின் கொள்ளளவு 2.5 ஆம்பியர் மணி எனில், சேமிக்கப்படும் ஆற்றல் 63 வாட் மணி. மிகக் குறைந்த வேகத்தில் மோட்டார் 90 வாட் எடுத்துக்கொண்டால் கருவி 42 நிமிடம் ஓடும். மிகுந்த வேகத்தில் 400 வாட் எடுத்துக்கொண்டால் ஒன்பதரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். மெத்தையிலும் கம்பளத்திலும் ஆழப் படிந்த தூசியை எடுக்க மிகுந்த வேகமே தேவைப்படும். எனவே கடையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'உச்ச வேகத்தில் எத்தனை நிமிடம்?' என்பதே.

அடுத்து உறிஞ்சுதிறன். குறைந்த விலைக் கருவிகளின் பெட்டிகளில் பாஸ்கல் என்ற அலகில் பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் வாய் முழுதும் அடைபட்ட நிலையில் எழும் உறிஞ்சழுத்தத்தின் அளவு. இளநீர்க் குழலின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு இழுத்தால் இழுவை வலுவாக உணரப்படும்; ஆனால் இளநீர் வராது. தூசியை எடுத்துச் செல்வதற்கு அழுத்தத்தோடு காற்றோட்டமும் வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் குறிக்கும் 'ஏர் வாட்' என்ற அளவு தரப்பட்டிருந்தால், ஒப்பிடுவதற்கு அதுவே தகுந்தது.

நம் தரையும் நம் தூசியும்

மேலை நாடுகளில் இக்கருவி இன்றியமையாததாக விளங்குவதற்குக் காரணம், அங்குள்ள வீடுகளில் சுவருக்குச் சுவர் விரிக்கப்பட்ட கம்பளம். நம் வீடுகளின் தரையோ மொசைக், டைல்ஸ், கிரானைட், மார்பிள், கோட்டா கல் என வழுவழுப்பானது. இத்தகைய தரையில் துடைப்பமும் ஈரத்துணியும் தம் பணியைச் செவ்வனே செய்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த தேநீர்த் துளி, காலடித் தடம் ஆகியவற்றை எந்த வேக்குவம் கிளீனரும் அகற்றாது. ஆகவே இதை வாங்கினாலும் தரை துடைக்கும் வேலை நின்றுவிடாது. பெருக்கும் வேலைக்கு மட்டுமே இது மாற்று.

எனினும் துடைப்பத்துக்கு ஒரு குறை உண்டு. பெருக்கும்போது நுண்தூசி காற்றில் எழுந்து, சற்று நேரத்தில் மேசை மீதும் படுக்கை மீதும் மீண்டும் படிகிறது. கோடையில் புழுதிப் புயல் வீசும் தில்லி, இராஜஸ்தான் பகுதிகளிலும், கட்டுமானப் பணி ஓயாத பெருநகரப் புறப்பகுதிகளிலும் வசிப்போர் இதை நன்கறிவர். சோபாவின் இடுக்கு, ஜன்னல் தண்டவாளம், மெத்தை, திரைச்சீலை, மின்விசிறி இறக்கை, கார் இருக்கை ஆகிய இடங்களில் துடைப்பம் செய்ய முடியாததை இக்கருவி செய்கிறது. நாய் பூனை வளர்க்கும் வீடுகளில் இதன் பயன் மேலும் தெளிவாகத் தெரியும்.

சில பொருள்களை இதனால் எடுக்கக் கூடாது. சாதாரண வகைகள் நீரை உறிஞ்சும்படி அமைக்கப்பட்டவை அல்ல. சுவரில் துளையிட்ட சிமெண்ட் தூள், ரங்கோலிப் பொடி, கோதுமை மாவு போன்ற மிக நுண்ணிய பொடிகள் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அணையாத ஊதுவத்திச் சாம்பலோ தீக்குச்சியோ உள்ளே சென்றால் தீப்பிடிக்கவும் கூடும்.

மூச்சுத் தொல்லை உள்ளோருக்கு

ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ள குழந்தைக்காக இதை வாங்க எண்ணும் பெற்றோர் பலர். மெத்தையில் வாழும் தூசிப் பூச்சிகளின் கழிவு ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. 'ஹெபா' வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் என்பது அதன் தர வரையறை. ஆனால் வடிகட்டியைச் சுற்றியுள்ள இணைப்புகளில் காற்று கசிந்தால், உறிஞ்சிய நுண்தூசி பின்புறமாக அறைக்குள்ளேயே திரும்பும். எனவே வடிகட்டியோடு கருவி முழுவதும் கசிவின்றி அடைக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். தூசிக் கலனைக் காலி செய்யும்போதும் ஒரு தூசிப் படலம் எழும். அதை நோயாளி செய்யாமல், வேறொருவர் பால்கனியில் செய்வது நல்லது. படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் தூசிப் பூச்சிகள் இறந்துவிடும். இதற்குச் செலவு குறைவு. கருவி வாங்கினாலும் இப்பழக்கத்தைக் கைவிடலாகாது.

மூட்டுவலியும் முதுகுவலியும் உள்ள முதியோருக்குக் குனியாமல் சுத்தம் செய்ய முடிவது பெரிய ஆறுதல். ஆனால் பல மாதிரிகளில் மோட்டாரும் பேட்டரியும் கைப்பிடியருகே இருப்பதால், இரண்டு மூன்று கிலோ எடை மணிக்கட்டில் இறங்கும். வீட்டில் யார் இதைப் பயன்படுத்தப் போகிறாரோ, அவரே கடையில் ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்ப்பது அவசியம்.

முழுச் செலவு எவ்வளவு?

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். மேற்கூறிய பேட்டரியை முழுதும் நிரப்ப ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கும் தேவைப்படாது. உண்மையான செலவு பேட்டரியின் ஆயுளில் ஒளிந்திருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பின் தன் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழக்கிறது. வெப்பம் அதன் ஆயுளை மேலும் குறைக்கும். வெயில் படும் பால்கனியில் வைத்து சார்ஜ் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கருவியின் விலை 24,000 ரூபாய், மாற்றுப் பேட்டரி 5,000 ரூபாய், வடிகட்டிக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் 20 நாள் முழு சார்ஜில் பயன்படுத்தும் குடும்பம், ஐந்தாண்டுகளில் இருமுறை பேட்டரி மாற்ற நேரிடலாம். மொத்தச் செலவு 36,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 608 ரூபாய். ஒருமுறைக்கு 30 ரூபாய். மாதம் மூன்றே முறை பயன்படுத்தும் குடும்பத்துக்கும் பேட்டரி முதுமையடையும். ஒருமுறை மாற்றினால் மொத்தம் 31,500 ரூபாய். ஒருமுறைக்கு ஆகும் செலவோ 175 ரூபாய். இதற்கு மாறாக, 7,000 ரூபாய்க்கு வாங்கும் கம்பியுள்ள கருவி, பை, வடிகட்டிச் செலவு ஆண்டுக்கு 500 ரூபாய் எனக் கொண்டு எட்டாண்டுகள் உழைத்தால், மாதச் செலவு ஏறத்தாழ 115 ரூபாய் மட்டுமே.

அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதற்காகத்தான் கம்பியில்லாக் கருவிக்கு நாம் கூடுதல் விலை தருகிறோம். அடிக்கடி எடுக்காத வீட்டில் அக்கூடுதல் விலைக்குப் பயன் இல்லை.

வட்டியில்லாத் தவணையின் கணக்கு

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்ற பெயரில் 24,000 ரூபாயை 2,000 ரூபாய் வீதம் 12 தவணைகளில் செலுத்தச் சொல்கிறார்கள் என்போம். வட்டி இங்கு மறைவதில்லை. ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி எனில், சுமார் 22,160 ரூபாய் கடனாகக் கணக்கிடப்பட்டு, எஞ்சிய 1,840 ரூபாய் வட்டியாகிறது. அதைக் கடைக்காரர் தள்ளுபடியாக ஈடுசெய்கிறார். ஆனால் கடன் அட்டையில் அந்த வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சுமார் 331 ரூபாயும், செயலாக்கக் கட்டணம் 200 ரூபாய் எனில் வரியோடு 236 ரூபாயும் வாடிக்கையாளரைச் சேரும். கூடுதல் செலவு ஏறக்குறைய 567 ரூபாய். முழுத்தொகை செலுத்துவோருக்கு மட்டும் தரப்படும் தள்ளுபடி இருந்தால், அதையும் இழப்பாகக் கொள்ள வேண்டும். பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக உருமறைந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. தவணை தவறினால் நிலைமை வேறு: பல அட்டைகளில் நிலுவைக்கான வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காட்டையும் தாண்டும்.

அதே 2,000 ரூபாயை ஓராண்டு தொடர் வைப்பில் செலுத்தினால், 6.5 விழுக்காடு வட்டியில் ஏறக்குறைய 850 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். இக்கருவி நமக்கு உண்மையிலேயே தேவையா என்று எண்ணிப் பார்க்கவும் அந்த ஓராண்டு உதவும்.

யாருக்குத் தகும்?

செல்லப் பிராணிகள், கம்பளம், ஒவ்வாமை உள்ளோர், குனிய இயலாத முதியோர் ஆகியோருள் எவரேனும் எவையேனும் உள்ள வீட்டில், நாள்தோறும் பயன்படுத்தும் உறுதி இருந்தால், இது தகுந்த முதலீடு. வீட்டு வேலைக்கு ஆள் வந்து நாள்தோறும் பெருக்கித் துடைக்கும் வீட்டில், மாதம் ஓரிருமுறை சோபாவையும் மெத்தையையும் சுத்தம் செய்வதற்குக் கம்பியுள்ள கருவியே போதும். காருக்கும் மேசைக்கும் மட்டும் என்றால், சிறிய கையடக்கக் கருவி பணத்தை மிச்சப்படுத்தும்.

வாங்குவதென முடிவு செய்தால் ஐந்து செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்:

1. பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியுமா? அதன் இன்றைய விலை என்ன?
2. பேட்டரிக்குத் தனி உத்தரவாதம் உண்டா? எத்தனை மாதம்?
3. உச்ச வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடும்?
4. நம் ஊரில் சேவை மையம் உள்ளதா? வடிகட்டியும் தூரிகையும் தனியே கிடைக்குமா?
5. வரி விவரத்துடன் கூடிய ரசீது கிடைக்கிறதா?

உத்தரவாதம் மறுக்கப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பழுதடைந்த பேட்டரியைக் குப்பையில் போடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகள் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்படுவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு. ஆகவே அதைச் சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்திலோ ஒப்படைப்பதே முறை.