சித்திரையில் போர்வை கேட்ட அம்மா

எங்கள் அப்பாவுக்கு வெயில் ஆகாது. பங்குனி பிறந்ததுமே ஃபேன் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துவிட்டு, ஐப்பசி மழைக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுவார். அம்மாவும் அந்தக் கட்சிதான். கோடை ராத்திரியில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவர் ஒரு சித்திரையில் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்தார். “வயசாகுதுல்ல, ரத்தம் சுண்டிப்போச்சு” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நாங்களும் அதையே நம்பி எட்டு மாதம் ஓட்டினோம்.

முகம் ஊதி, குரல் கரகரத்து, பேச்சே மெதுவான பிறகுதான் மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “முன்னாடியும் இவங்களுக்கு இப்படித்தான் குளிருமா?” ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. அந்தக் கேள்வியை எட்டு மாதம் முன்னால் நாங்களே கேட்டிருக்கலாம். இன்னொரு வீட்டில் அது தாமதமாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிறவி உடல்வாகு

ஒருவருக்கு வெயிலும் இன்னொருவருக்கு மழையும் பிடிப்பது பெரும்பாலும் நோயல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. தசை அதிகம் உள்ளவருக்கு அந்த வெப்பம் கூடுதல். தோலுக்கடியில் கொழுப்பு அதிகமிருந்தால் வெப்பம் வெளியேறுவதும் சிரமம். ஒல்லியானவர்கள் சீக்கிரம் நடுங்குவார்கள். குளிர்ந்த அறையில் பெண்களின் விரல்கள் ஆண்களின் விரல்களைவிட விரைவில் சில்லிட்டுப்போவதும் சாதாரணம்.

அலுவலக ஏசியில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேலை பார்க்கும் பெண்களைக் கேலி செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டடங்களுக்கான வெப்பநிலைக் கணக்கு 1960களில் வகுக்கப்பட்டபோது, அளவுகோலாக வைக்கப்பட்டது 40 வயதான, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். குறை அந்தப் பெண்களின் உடம்பில் இல்லை.

ஊருக்கும் இதில் பங்குண்டு. “வேலூர் வெயிலைக்கூடத் தாங்கிடலாம், சென்னைப் புழுக்கம் தாங்கலை” என்பது வெறும் புலம்பல் இல்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்காற்றின் ஈரத்தில் அது காயாமல் வழிந்தோடுகிறது. ஊட்டியிலிருந்து இறங்கி வருபவரின் உடம்பு சமவெளி வெயிலுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரமாகும். அதுவரை உச்சிவெயிலில் கடும் வேலை வேண்டாம்.

புதிதாக வந்த குளிர்

கவனிக்க வேண்டியது மாற்றத்தைத்தான். வீட்டில் எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும், அதுவும் சில மாதங்களாகத்தான், குளிர்கிறது என்றால் தைராய்டு சுரப்புக் குறைவு முதல் சந்தேகம். கூடவே மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், எடை கூடுதல், ஓயாத அசதி, இளம்பெண்களுக்கு மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு ஆகியவையும் இருக்கலாம். டிஎஸ்எச் என்ற எளிய ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு மாத்திரையைவிட அந்தக் காத்திருப்புதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்தது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. பாதிக்கு மேல்! கை கால் சில்லிடுவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், முகம் வெளிறுவதும் அதன் அடையாளங்கள். அட்டெனலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளாலும் விரல்கள் குளிரலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

புதிதாக வந்த சூடு

மார்கழியிலும் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டுகிறதா? நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்து, நெஞ்சு படபடத்து, நீட்டிய விரல்கள் நடுங்கினால், தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி, வியர்த்து அடங்கும். ராத்திரியில் நாலு முறை எழுந்து ஜன்னல் பக்கம் நிற்கும் அம்மாவிடம் “என்னம்மா செய்யுது?” என்று யாராவது கேட்க வேண்டும். இதற்கும் சிகிச்சை உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு பாதிக்கப்பட்டால், வியர்க்க வேண்டிய இடத்தில் வியர்க்காது, பாதம் எரியும். அவர்களுக்கு வெயில் கூடுதல் ஆபத்து.

பிடித்த பருவத்திலும் பத்திரம்

மழை பிடித்தவர்களை மழை தனியாகப் பார்த்து விட்டுவைப்பதில்லை. தேங்கிய நல்ல தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். கால் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

என் பெரிய கவலை, “எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது” என்கிற பெரியவர்களைப் பற்றித்தான். வயதாக ஆகத் தாகம் மங்கிவிடும், வியர்வையும் குறையும். வெயில் ஏறுவது அவர்களுக்கே தெரியாது. அக்னி நட்சத்திர நாட்களில் தாகத்துக்குக் காத்திராமல் மோரோ தண்ணீரோ அவ்வப்போது கையில் கொடுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலில் இருந்தவர் திடீரென்று உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, தொட்டால் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறுவதை நிறுத்த வேண்டாம்.