போன மாதக் கடிக்கு இந்த மாத மாத்திரை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேட்டைநாய் வளர்ப்பவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் உறைபனி விழுந்ததும், இனிக் கொசு ஏது என்று இதயப்புழு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை வரப்போகும் மாதத்துக்குக் காவல் என்பது அவர்கள் நினைப்பு. உண்மையில் அது தீர்ப்பது போன மாதக் கணக்கை.

இதயப்புழுவைப் பரப்புவது கொசு. அது கடிக்கும்போது தோலில் விழும் இளம்புழு, கடிவாய் வழியே உள்ளே இறங்கிச் சில வாரங்கள் தோலுக்கடியிலும் தசையிலும் வளர்கிறது. மாத்திரையிலுள்ள ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் அதை மடக்குவது இந்தக் கட்டத்தில்தான். ஏறக்குறைய 50 நாள் தாண்டிவிட்டால் மாதாந்திர மாத்திரைக்கு மசியாது. ஆறேழு மாதத்தில் நுரையீரல் தமனிகளில் முழுப்புழுவாகிவிடும். பெண்புழு ஓரடி நீளம்வரை வளரும். ஐந்தாறு ஆண்டு உயிரோடிருக்கும். ஆக, அக்டோபர் கடைசியில் கடித்த கொசுவுக்கு நவம்பர் மாத்திரைதான் மருந்து. 12 மாதமும் கொடுங்கள், ஆண்டுக்கொரு முறை இரத்தம் சோதியுங்கள் என்று அமெரிக்க இதயப்புழுச் சங்கம் சொல்வது இதனால்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட தொற்று பெரும்பாலும் சோதனையிலும் பிடிபடாது.

வந்தபின் வைத்தியம் கொடுமை. மெலார்சோமின் என்ற ஆர்செனிக் மருந்தை இடுப்புத் தசையில் ஆழமாக ஊசி போடுகிறார்கள்: முதலில் ஒன்று, ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இரண்டு. செத்த புழுக்கள் துண்டுதுண்டாகி நுரையீரல் இரத்தக்குழாய்களை அடைக்கும். அந்த நேரத்தில் நாய் ஓடினால் உயிருக்கே ஆபத்து. கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் கட்டிப்போட வேண்டும். ஓடுவதற்கென்றே வளர்த்த நாயை!

செலவுக்குப் பயந்து மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசிமருந்தை வாங்கி வாயில் ஊற்றுவோரும் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த மருந்தில் ஒரு மில்லிக்கு 10,000 மைக்ரோகிராம். இதயப்புழுவைத் தடுக்க நாய்க்குத் தேவை கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 25 கிலோ லாப்ரடாருக்கு 0.015 மில்லி, அதாவது ஒரு சொட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. இதை எந்தச் சிரிஞ்சில் அளப்பது? கைக்கணக்கில் கொடுத்தால் பல மடங்கு உள்ளே போகும். கோலி போன்ற மேய்ப்பு நாய்களின் இரத்தம் கலந்த நாய்களில் பலவற்றுக்கு இந்த மருந்தை மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருக்கும். அவற்றுக்கு அளவு மீறினால் நடுக்கம், குருடு, நினைவிழப்பு என்று சாவுவரை போகலாம். போதாததற்கு, கீழ் மிசிசிப்பி வட்டாரத்தில் இந்த வகை மருந்துகளுக்கு அடங்காத புழுக்களும் தலையெடுத்திருக்கின்றன. அதற்காக மாத்திரையைக் கைவிடுவது மடமை. பெரும்பாலான புழுக்களை அது இன்னும் கொல்கிறது.

மற்ற ஒட்டுண்ணிகளைச் சமாளிப்பது எளிது. கொக்கிப்புழுவைப் பல இதயப்புழு மாத்திரைகளே பார்த்துக்கொள்ளும். முயல் குடலைத் தின்ற நாய்க்கு வரும் நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டெல் போன்ற மருந்து வேண்டும். உண்ணிக்கும் பெரும்பாலும் தனி மருந்துதான். காட்டிலிருந்து திரும்பிய அன்றே காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். அகப்பட்ட உண்ணியைச் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். தீக்குச்சியும் மண்ணெண்ணெயும் வேண்டாம்.